கே. வாசித்த பதிவுகள்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். மாடிக் கொடியில் துணி போட்டு எடுத்து, மறுபடி போட்டு எடுத்து. கடைசியில் எல்லாம் நாற்காலி முதுகுகளில்.

செய்ய வேண்டியவை:
ஐயருக்கு போன், திதிக்கு நேரம் கேட்க.
எள், பச்சரிசி. வாழைக்காயைக் காந்திமதி களக்காட்டிலிருந்து கொண்டுவருவாள்.
இரத்த அழுத்த மாத்திரை.
குமரன் அறைக்கு விரிப்பு, தலையணை உறை.
பாட்டு.

கடைசி வேலைதான் பெரியது. குமரன் 14ஆம் தேதி ஹாலந்திலிருந்து வருகிறான். மறுநாள் அவன் அப்பாவின் திதி. அன்று இரவே கிளம்புகிறான். ஒன்றரை நாள். அதற்குள் நான் அவனுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

ஆகஸ்டில் ஒரு பாட்டுப் பதிவு அனுப்பினான். அவன் இருக்கும் பேண்ட். 'முழுசா கேளுங்கம்மா' என்று குறிப்பு. இரண்டு நிமிடம் கேட்டேன். அடுப்பில் பால். மாலையில் அவன் கூப்பிட்டபோது நன்றாக இருக்கிறது என்றேன். 'எந்த இடம்?' என்றான். என்னால் சொல்ல முடியவில்லை. 'சரிம்மா, வைக்கேன்' என்றான். அதற்குப் பிறகு மாதம் ஒரு போன். மாத்திரை சாப்பிட்டீங்களா, மழை உண்டா, வைக்கேன்.

முப்பத்தொரு வருஷம் கணக்கு ஆசிரியை. விடைத்தாளைப் படிக்காமல் ஒருவருக்கும் மதிப்பெண் போட்டதில்லை. பெற்ற பிள்ளைக்குப் போட்டிருக்கிறேன்.

நவம்பர் 4, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

ஆகஸ்டில் வந்த பதிவைத் தேடினேன். இல்லை. போனில் இடம் போதவில்லை என்று வந்தபோது நானே அழித்திருக்கிறேன். அவனிடமே கேட்கலாம். கேட்க மாட்டேன்.

பேண்ட் பெயர் நினைவிருக்கிறது. மொழிபெயர்த்தால் 'ஒன்பது ஈரக் குடைகள்'. இந்தப் பெயருக்காக ஒருவன் நல்ல வேலையை விட்டான். எழுதும்போதே எரிச்சல்.

போனில் அந்தப் பெயரைப் போட்டால் முதலில் குடை விற்பனை. பிறகு மழைக்கோட்டு. ஆறாவதாகப் பேண்ட். பாட்டு தொடங்குமுன் பல் பசை விளம்பரம். பாட்டு நடுவில் மறுபடியும் பல் பசை. எனக்குப் பல் செட்டு.

பேண்டின் ஆட்கள் என்று ஒரு பட்டியல்: பீட்டர், லூகா, எல்சே, கே. யார் எதை வாசிக்கிறார்கள் என்பது இல்லை. பரீட்சைத் தாளில் இப்படி எழுதினால் பாதி மதிப்பெண்தான். 'கே.' குமரன்தான். அங்குள்ளவர்களுக்கு முழுப் பெயர் வாயில் நுழையவில்லை என்று முன்பு ஒருமுறை சொன்னான். மூன்றெழுத்து கூடுதலாக நுழைய என்ன கேடு.

அவன் கீபோர்டு. அதில் சந்தேகம் இல்லை. கான்வென்டில் சிஸ்டர் எனக்குக் கற்றுத்தந்ததை நான் அவனுக்குக் கற்றுத்தந்தேன். ஐந்து வயதிலிருந்து பதினாறு வரை, மணிக்கட்டு தாழாமல்.

நவம்பர் 5, புதன்

இன்று கேட்டவை ஏழு. ஒன்று தவிர எல்லாம் மேடையில் பதிவு செய்தவை. ஸ்டுடியோவில் செய்த அந்த ஒன்று சுத்தமாக இருக்கிறது. அதில் கே. இல்லை, அவன் சேருமுன் செய்தது.

மேடைப் பதிவுகளில் உள்ள குறைகள்:
முன்வரிசையில் ஒருவன் இருமல். பாட்டு முழுக்க.
கூட்டத்தின் கூச்சல் பாட்டைவிடப் பெரிது.
கடைசியில் பாடுகிறவன் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லத் தொடங்குகிறான், 'டிரம்ஸில் பீட்டர்' என்கிறான், பதிவு நின்றுவிடுகிறது. மூன்று பதிவுகளில் அதே இடத்தில்.
படம் எடுத்தவனுக்கு விளக்கின் மேல்தான் ஆசை. மனிதர்கள் எல்லாம் நிழல்.

பேச்சி பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "என்ன டீச்சர், மிக்சியில கல்லு கெடக்கா?"

"பாட்டு."

"பாட்டா? நல்லாத்தான் இருக்கீய. நான் தெருவுல போர் போடுதாங்கன்னுல்லா நெனச்சேன்."

நவம்பர் 6, வியாழன்

இடி. கரண்ட் போய்ப் போய் வந்தது. மதியம் மூன்று மணி நேரம் போனில் பாதி உயிர்தான்.

ஒரு வழி கண்டுபிடித்தேன். பேண்டைத் தேடினால் எல்லாம் குழம்புகிறது. ஆளைத் தேட வேண்டும். டிரம்ஸ் பீட்டர் பெயர் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கே போனால், அவற்றில் இரண்டில் கே.யும் இருக்கிறான். ஒன்று 'உப்புத் தணிக்கையாளர்கள்'. (இது என்ன, அரசாங்க அலுவலகமா.) இன்னொன்றுக்குப் பெயரே ஒரு முழு வாக்கியம், எழுதக் கை வரவில்லை. அந்தப் பேண்டின் பாட்டுக்காரி குடைகளின் பதிவு ஒன்றில் வந்து பாடுகிறாள். குடைகளின் லூகா தணிக்கையாளர்களில் இரண்டு வருஷம் இருந்துவிட்டுச் சண்டை போட்டுப் பிரிந்தவன்.

கட்டம் போட்ட நோட்டில் கோடு போட்டு வரைந்தேன். யார் எங்கிருந்து எங்கே. பேச்சி எட்டிப் பார்த்தாள்.

"யாரு வீட்டு வம்சாவளி டீச்சர்?"

சொன்னேன்.

"அப்போ கொடுத்து எடுத்த குடும்பம்னு சொல்லுங்க. அதான் ஒண்ணுபோல சத்தம் போடுதாங்க."

இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்ல வராது.

நவம்பர் 7, வெள்ளி

தணிக்கையாளர்கள், நான்கு பதிவுகள். கீபோர்டு மோசம். விரலில் சோம்பேறித்தனம், பெடலை மிதித்தால் எடுப்பதில்லை. இதற்கா பதினொரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தேன் என்று மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு வாக்கியப் பெயர்க்காரர்கள். அதில் கீபோர்டே இல்லை. கே. பெயர் மட்டும் இருக்கிறது. என்ன செய்தான் அங்கே? கையைக் கட்டிக்கொண்டு நின்றானா?

காந்திமதி போன். குமரன் அப்பாவின் தங்கை, என்னைவிட ஒன்பது வயது இளையவள், வாய் மட்டும் மூத்தது.

"மதினி, என்ன வீட்டுல ரகளை? போன்ல இங்கன வரைக்கும் கேக்குது."

"குமரன் பேண்ட்."

"அவன் வாரதுக்குள்ள நீங்க தாளம் போட்டுப் பழகுதீங்களோ? அண்ணன் இருந்தா இந்நேரம் பஞ்சை எடுத்துக் காதுல வச்சிருப்பான்."

அவர் வைத்திருக்க மாட்டார். குமரன் வேலையை விட்டபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னது நான். அவருடைய பதினாறாம் நாள் காரியத்தில், சொந்தக்காரர்கள் முன்னால், 'இதுவும் ஒரு பிழைப்பா' என்று கேட்டதும் நான்தான். அவன் குனிந்து இலை போட்டுக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

நவம்பர் 8, சனி

வெயில். துணி காய்ந்தது.

குடைகளின் நீளமான பாட்டு ஒன்று இருபத்து மூன்று நிமிடம். மேடைப் பதிவுகள் மூன்று: ஒரு நகர மண்டபம், ஒரு படகு, ஒரு திறந்த வெளி விழா. காலையில் சுண்டல் ஊறப்போட மறந்து இதையே கேட்டேன்.

பதினோராவது நிமிடத்தில் எல்லாம் அடங்கிப் பியானோ மட்டும். இதைப் பற்றி எழுத வேண்டும். இடக்கை ஒரே ஒரு சுரத்தை விடாமல் தட்டிக்கொண்டே இருக்கிறது, வலக்கை அதைச் சுற்றிச் சுற்றி வந்து தொடாமல் போகிறது. அவசரம் இல்லை. பெடல் சுத்தம். சாப்பாட்டு மேஜையில் கையூன்றி நின்று கேட்டேன். உட்காரத் தோன்றவில்லை.

எந்த இடம் என்று கேட்டால் இதைச் சொல்வேன். பதில் கிடைத்துவிட்டது. ஆறு நாள் மீதம்.

நவம்பர் 9, ஞாயிறு

பதில் இருந்தும் நிம்மதி இல்லை. அந்தப் பகுதியின் முடிவில் ஒரு கோளாறு.

எண்ணினேன். சுற்றுக்குப் பதினோரு அடி: நாலு, நாலு, மூன்று. பென்சிலால் மேஜை விளிம்பில் தட்டி, நான்கு முறை சரிபார்த்தாயிற்று. நான்காவது சுற்று முடிந்ததும் பேஸ் கிதாரும் டிரம்ஸும் சேர்ந்து இறங்க வேண்டும். விழாப் பதிவில் டிரம்ஸ் சரியாக இறங்குகிறது. பேஸ் கிதார் ஓர் அடி பிந்தி வருகிறது. வந்து ஒரு சுற்று முழுக்கப் பின்னாலேயே இழுபடுகிறது, வண்டிக்குப் பின்னால் ஓடுகிறவன் மாதிரி. இதே பாட்டின் ஸ்டுடியோப் பதிவில் இந்தக் குறை இல்லை.

குமரன் அவ்வளவு பொறுமையாகக் கட்டியதை இந்த பேஸ்காரன் வந்து மிதிக்கிறான். ஒருவரும் கேட்பதில்லை. கீழே கமெண்டுகள் எல்லாம் இதயமும் தீயும்.

ஆங்கிலத்தில் எழுதினேன். சாரம்: 'பியானோப் பகுதி மிக நேர்த்தி. அதன் முடிவில் பேஸ் கிதார் ஓர் அடி தாமதமாக நுழைகிறது. எண்ணிப் பார்த்தேன். சம்பந்தப்பட்டவர் கவனிக்க வேண்டும். ஆர். எஸ்., ஓய்வுபெற்ற ஆசிரியை, பாளையங்கோட்டை.' கையெழுத்தில்லாத கடிதத்தை நான் படிப்பதில்லை, எழுதுவதும் இல்லை. இரண்டு அரைப்புள்ளியைச் சரிசெய்து அனுப்பினேன்.

மனசு லேசாக இருந்தது. இரவு இட்லி மூன்று.

நவம்பர் 10, திங்கள்

மறுபடி மழை. பாபநாசம் பக்கம் பலத்த மழை என்று பால்காரர். ஆறு ஏறும்.

என் கமெண்டுக்குக் கீழே ஒரு கூட்டம். சிலர் சிரிக்கிறார்கள். ஒருவன் என்னை 'சார்' என்கிறான். ஒருவன் மட்டும் ஒழுங்காக எழுதியிருக்கிறான்: மேடையில் அந்தக் கடைசிச் சுற்றைப் பன்னிரண்டாக மாற்றிவிட்டார்கள், மற்ற இரண்டு பதிவுகளையும் கேட்டுப் பாருங்கள், விழாவில் டிரம்ஸ் வாசித்தது பீட்டர் அல்ல, கை சுளுக்கியதால் மாற்று ஆள் வந்தான், புதியவன், பன்னிரண்டு என்று தெரியாமல் முந்திவிட்டான், தவறு டிரம்ஸ்காரன் மேல்தான். இதற்குக் கீழே ஒன்பது பேர் 'ஆமாம், அந்த டிரம்ஸ்காரன் கெடுத்துவிட்டான்'.

மண்டபப் பதிவைப் போட்டு எண்ணினேன். பன்னிரண்டு. படகு. பன்னிரண்டு. பியானோ ஒரே சுரத்தைத் தட்டிக்கொண்டே இருப்பதால் ஓர் அடி கூடியது உறுத்தவே இல்லை.

நான் ஒரே தாளைப் பார்த்துத் திருத்தியிருக்கிறேன். மற்ற இரண்டையும் எண்ணவில்லை. இந்தச் சோம்பேறித்தனத்துக்கு என் வகுப்பில் பெஞ்சு மேல் நிற்க வைத்திருப்பேன்.

மாத்திரை இரண்டு வேளையும் மறந்தது.

நவம்பர் 11, செவ்வாய்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

காலையில் திருத்தம் போடுமுன் இன்னொரு பதிவு கண்ணில் பட்டது. போன மாதம் ஏதோ ஒரு கடையின் மாடியில் பகல் வெளிச்சத்தில் எடுத்தது. முதல் தடவையாக முகங்கள் தெரிகின்றன.

கீபோர்டில் ஒரு பெண். மொட்டைத்தலை. ஐம்பது வயது இருக்கும். எல்சே.

பேஸ் கிதார் குமரன். தாடியில் நரை. இடது காலில் பாரம் போட்டு, அவன் அப்பா கொக்கிரகுளம் பாலத்தில் நின்று தண்ணீர் பார்ப்பது போலவே நிற்கிறான்.

மூன்று நாளாக நான் மெய்ம்மறந்து கேட்டது வேறு ஒருத்தியின் கையை. 'சம்பந்தப்பட்டவர் கவனிக்க வேண்டும்' என்று ஊரறியக் கண்டித்தது என் பிள்ளையை. அதுவும் தப்பாக.

அவன் என்ன வாசிக்கிறான் என்று எனக்குத் தெரியாது. எத்தனை வருஷமாகத் தெரியாது என்பதும் தெரியாது.

கமெண்டை அழித்துவிடலாம் என்று விரல் போயிற்று. அழிக்கவில்லை. கரும்பலகையில் நான் தப்பாகப் போட்ட கணக்கை அழிக்காமல் பக்கத்திலேயே திருத்தி எழுதுவதுதான் வழக்கம், பிள்ளைகள் இரண்டையும் பார்க்கட்டும் என்று. அப்படியே செய்தேன். 'மேலே நான் எழுதியது தவறு. கடைசிச் சுற்று பன்னிரண்டு அடி. பேஸ் கிதார் சரியாகவே நுழைந்திருக்கிறது. தாளம் பிசகியவர் டிரம்ஸ் வாசித்தவர். ஆர். எஸ்.'

பேச்சி, "என்ன டீச்சர் மொகம் சுண்டிக் கெடக்கு, யாரும் தவறிட்டாங்களா?"

"இல்லை."

"பின்ன அந்தச் சத்தத்தைக் காணும்?"

நவம்பர் 13, வியாழன்

நேற்று ஒன்றும் எழுதவில்லை. விரிப்பு மாற்றியாயிற்று. எள், பச்சரிசி, தர்ப்பை. ஐயர் காலை ஏழரை என்கிறார், ஆறு ஏறியிருப்பதால் மேல்படியில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்.

குமரனிடமிருந்து தகவல் இல்லை. பார்த்திருப்பான். பாளையங்கோட்டையில் எத்தனை ஆர். எஸ். இருக்க முடியும், அதுவும் பாட்டுக்குத் திருத்தம் போடுகிறவள்.

இப்போது பேஸ் கிதாரை மட்டும் கேட்கப் பார்க்கிறேன். போன் ஸ்பீக்கரில் கேட்பதில்லை. வண்ணார்பேட்டையில் ஹெட்போன் வாங்கினேன். கடைக்கார அண்ணாச்சி, "பேரனுக்காம்மா?" என்றார். எனக்கு என்றேன். நம்பவில்லை.

கேட்கிறது. அடியில், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ நடப்பது போல. தணிக்கையாளர்களின் நான்கு பதிவுகளிலும் நன்றாக இருக்கிறது. கீபோர்டு மோசமாக இருந்த இடங்களில் எல்லாம் இதுதான் பாட்டைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. வாக்கியப் பெயர்க்காரர்களிடமும். நான் கேட்கத் தவறியது.

நவம்பர் 14, வெள்ளி

மதியம் வந்தான். திருவனந்தபுரத்திலிருந்து கார், நாங்குநேரியில் டயர் பஞ்சர், இரண்டு மணி நேரம் தாமதம். மெலிந்திருக்கிறான். காலில் விழுந்தான், மாத்திரை சாப்பிட்டீங்களா என்றான், தூங்கப் போனான். கமெண்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. நானும் எடுக்கவில்லை. மாலையில் எழுந்து காபி. காந்திமதி வந்துவிட்டதால் வீடு முழுக்க அவள் பேச்சு.

"ஏலே குமரா, உங்க அம்மா உன் பாட்டைப் போட்டு வீட்டுக் கூரையவே கிளப்பிட்டா தெரியுமா?"

"தெரியும் அத்தை" என்றான்.

நவம்பர் 15, சனி

குறுக்குத்துறைப் படித்துறை. ஆறு செங்கலங்கல், கல் மண்டபத்தில் பாதி முங்கியிருக்கிறது. மேல்படியில் திதி. நனைந்த வேட்டியோடு ஐயர் சொன்னதை எல்லாம் நிதானமாகச் செய்தான். காகம் உடனே எடுத்தது. காந்திமதி அழுதாள்.

சாப்பிட்டு முடித்து அவள் உள்ளே படுத்த பிறகு மேஜையில் நாங்கள் இருவரும். மோர் ஊற்றினேன்.

"கமெண்ட் பாத்தேன்" என்றான்.

"ரெண்டுமா?"

"ரெண்டும். மொத உள்ளதை வேன்ல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினாங்க. 'ஓய்வுபெற்ற ஆசிரியை'ங்கிற இடத்துல சிரிச்சாங்க. யாரோன்னு நெனச்சுச் சிரிச்சாங்க. நான் சொல்லல."

"நீ கீபோர்டு வாசிக்கிறேன்னு நினைச்சிருந்தேன்."

மோரைக் குடித்தான். "தெரியும்மா. பியானோ மிக நேர்த்தின்னு பாத்ததும் தெரிஞ்சுட்டு."

ரெண்டாவதில் சரியாகத் திருத்திவிட்டேன் என்றேன்.

"ரெண்டாவதுதான் தப்பு."

"எப்படித் தப்பு? ரெண்டு பதிவிலயும் எண்ணியாச்சு. பன்னெண்டு."

"பாட்டு பதினொண்ணுதான். மண்டபத்துல வாசிச்ச அன்னைக்கு நான் ஒரு அடி விட்டுட்டேன். பீட்டர் என் கையைப் பாத்துட்டு அவனும் நின்னு, என்கூட வந்தான். மறுநாளும் பாட்டுல அந்த இடம் வந்ததும் எனக்குக் கை நின்னுபோச்சு. அவனும் நின்னான். அப்படியே பழகிட்டு. கேக்கவங்க எல்லாம் அது புதுசா மாத்தினதுன்னு நெனச்சுக்கிட்டாங்க. விழாவுக்கு வந்த பையன் பாவம், எழுதியிருக்கபடி வாசிச்சான்."

"அவனைத்தானே எல்லாரும் திட்டியிருக்காங்க?"

"ஆமா."

"நீ அவன்கிட்டச் சொன்னியா?"

இல்லை என்று தலையாட்டினான்.

"பீட்டர்?"

"அவன் எப்படிச் சொல்லுவான்? எனக்காகத்தான செஞ்சான்." மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான். "மூணு மாசமா யாராவது ஒருத்தர் கண்டுபிடிச்சிர மாட்டாங்களான்னு இருந்துச்சு. நீங்க கண்டுபிடிச்சீங்க. அன்னைக்கு நல்லாத் தூங்கினேன். ரெண்டே நாள்ல வாபஸ் வாங்கிட்டீங்க."

நாற்பத்து மூன்று வயது. கண்ணில் தண்ணீர் இல்லை. குரலில் குறை சொல்வதும் இல்லை. எண்ணிப் பார்த்துவிட்டு விடையை மாற்றியவள் நான். பத்துப் பேர் சொன்னதால் மாற்றியவள். அந்த டிரம்ஸ்காரனைப் பதினோராவது ஆளாக நானும் குற்றவாளியாக்கியிருக்கிறேன், கையெழுத்துப் போட்டு.

மண்டபத்தில் வாசித்த அன்று ஏன் அடி விட்டது என்று கேட்டேன்.

"எல்சே வாசிக்கதைக் கேட்டுக்கிட்டே நின்னுட்டேன்."

அது எனக்குப் புரிந்தது. நானும் அங்கேதான் நின்றேன். அதைச் சொன்னேன். உட்காரத் தோன்றாமல் நின்றதையும், தணிக்கையாளர்களில் அவன்தான் பாட்டைத் தாங்கினான் என்பதையும், எந்தப் பதிவில் எத்தனையாவது நிமிடம் என்பதையும் நோட்டைப் பார்த்துச் சொன்னேன். நோட்டை வாங்கிப் பார்த்தான். பீட்டருக்கும் லூகாவுக்கும் நான் போட்ட கோடுகளில் ஒன்று தப்பு என்றான். பேனா கேட்டுத் திருத்தினான்.

"நான் மூணாவது ஒண்ணு எழுதணும்" என்றேன். "மொதல்ல சொன்னதே சரின்னு."

"நீங்க எழுத வேண்டாம். நான் எழுதுதேன்."

அவன் போனை எடுத்தான். நெடுநேரம் எழுதினான், அழித்தான், எழுதினான். என்னிடம் நீட்டினான். ஆங்கிலம் பரவாயில்லை. 'விழாவில் டிரம்ஸ் சரி. மூன்று மேடைகளிலும் நான்தான் கொஞ்சம் தாமதமாக வந்தேன்.' கீழே முழுப் பெயர், குமரன்.

'கொஞ்சம்' என்பதை எடு, ஓர் அடி என்று போடு என்றேன். எடுத்தான். போட்டான். அனுப்பினான்.

காந்திமதி எழுந்துவிட்டாள். காபிக்குப் பால் போதாது.